கையடக்கத் தொலைபேசி அனுமதி கேட்கிறது: நாம் எதற்கு 'ஓம்' சொல்கிறோம்?

"நான் ஒருத்தருக்கும் அந்த நம்பரைச் சொல்லேல்லை மிஸ். என்ர பிள்ளைக்குக்கூடச் சொல்லேல்லை."

கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், எமது சேமிப்புக் குழுவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் கடந்த வருடம் என்னிடம் கூறிய வார்த்தைகள் இவை. கணவர் மத்திய கிழக்கில் இருந்து அனுப்பிய பணத்தில் 38,000 ரூபா, ஒரே இரவில் மூன்று தடவையாக அவருடைய கணக்கில் இருந்து போய்விட்டது. மறுநாள் வங்கிக் கிளைக்குச் சென்றபோது, "உங்கட போனுக்கு வந்த ஓடிபி இலக்கத்தை நீங்கள்தான் யாருக்கோ குடுத்திருக்கிறீங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அழுது அழுது மறுத்தும் எவரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், முதலில் நானும் முழுதாக நம்பவில்லை.

அவருடைய தொலைபேசியை வாங்கிப் பார்த்த பின்னர்தான் விடயம் விளங்கியது. உதவித்தொகைக்குப் பதிவு செய்வதற்கான செயலி என்று கூறி வட்ஸ்அப் குழுவொன்றில் ஒரு இணைப்பு வந்திருக்கிறது. அவர் அதை அழுத்தித் தரவிறக்கம் செய்துள்ளார். அந்தச் செயலி பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கி அட்டையின் இலக்கம், அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்கம் ஆகியவற்றைக் கேட்டுள்ளது. அதற்கு முன்பாக, "குறுஞ்செய்திகளை அனுப்பவும் பார்க்கவும் அனுமதிக்கவா?" என்றும் கேட்டிருக்கிறது. அவர் 'அனுமதி' என்பதை அழுத்தியுள்ளார்.

ஆகவே அவர் கூறியது முற்றிலும் உண்மை. அவர் எவருக்கும் ஓடிபி இலக்கத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் திருடர்களுக்கு இருக்கவில்லை. வங்கியில் இருந்து குறுஞ்செய்தி வந்த உடனேயே அந்தச் செயலி அதை வாசித்து வேறொருவருக்கு அனுப்பிவிட்டது.

"ஏன் அக்கா அதை அமத்தினீங்கள்?" என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து விட்டுச் சொன்னார்: "அண்டைக்கு நீங்களும் எங்கட போனில இப்பிடித்தானே அமத்தினீங்கள். அதுதான் நானும் அமத்தினனான்."

அன்று நான் செய்தது

அவர் கூறியதும் உண்மையே. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் எமது குழுவில் வரவு செலவு எழுதும் பழக்கத்தை ஏற்படுத்துவதற்காக ஒரு செயலியை நான் அறிமுகப்படுத்தியிருந்தேன். வங்கியில் இருந்து வரும் குறுஞ்செய்திகளை வாசித்து, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று தானாகவே கணக்கில் பதிந்துகொள்ளும் செயலி அது. குழுவில் 14 பேர். அவர்களில் 12 பேரிடம் அன்ட்ரொயிட் தொலைபேசி இருந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மரத்தடியில் இருந்து, 12 தொலைபேசிகளையும் ஒவ்வொன்றாக வாங்கி, நானே தரவிறக்கம் செய்து, நானே 'அனுமதி' என்பதையும் அழுத்திக் கொடுத்தேன். எதற்கு அந்த அனுமதி என்று எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டுமே எனக்கு இருந்தது.

நான் கொடுத்த செயலி எவருடைய பணத்தையும் எடுக்கவில்லை. தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. கணக்கு எழுதிப் பழக்கமில்லாத பெண்கள் பலர், தம் வீட்டுச் செலவை முதன்முதலாக ஒரு பக்கத்தில் பார்த்தனர். ஆனால், படித்த ஒருவர் வந்து கேள்வி கேட்காமல் அழுத்தினால் நாமும் கேள்வி கேட்காமல் அழுத்தலாம் என்ற பாடத்தையும் நான் அன்று கற்பித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது 'தகவலறிந்த சம்மதம்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்த மரத்தடியில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த உறுத்தலே ஆகும்.

ஒரு குறுஞ்செய்தியின் பெறுமதி

உலகின் முதலாவது குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 ஆம் திகதி பிரித்தானியாவில் அனுப்பப்பட்டது. அது ஒரு நத்தார் வாழ்த்து. அக்காலத்தில் குறுஞ்செய்தி என்பது இரண்டு பேர் நலம் விசாரிக்கும் ஒரு வழியாகவே இருந்தது. இன்று நலம் விசாரிப்பது பெரும்பாலும் வட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. குறுஞ்செய்திப் பெட்டியில் இப்போது வருபவை எவை என்று உங்கள் தொலைபேசியை எடுத்துப் பாருங்கள். வங்கியில் பணம் வந்த செய்தி, பணம் எடுத்த செய்தி, ஓடிபி இலக்கம், அடகுக் கடையின் தவணை, தனியார் வைத்தியசாலையின் பரிசோதனை அறிக்கை, வட்ஸ்அப்பைப் புதிதாகப் பதிவதற்கான ஆறு இலக்கம் ஆகியவையே அதிகமாக இருக்கும்.

முன்னர் அலுமாரிச் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்தோம். இன்று வங்கிக் கணக்கின் சாவியும் வட்ஸ்அப்பின் சாவியும் தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்யப்பட்டு, அந்தப் பெட்டிக்குள் வந்து விழுகின்றன. ஆகவே ஒரு செயலிக்குக் குறுஞ்செய்தி அனுமதி கொடுப்பது கடிதம் வாசிக்கக் கொடுப்பது போன்றதன்று. சாவி வந்து விழும் இடத்தில் ஒருவரை நிற்க விடுவது போன்றது.

இன்னொரு விடயமும் உண்டு. அன்ட்ரொயிட் தொலைபேசியில் குறுஞ்செய்தியை வாசிப்பதும் அனுப்புவதும் ஒரே அனுமதிக்குள் அடங்குகின்றன. வாசிக்க மட்டும் என்று நினைத்து நாம் கொடுத்தாலும், எமது பெயரில், எமது ரீலோட் காசில் செய்தி அனுப்பும் வசதியும் சேர்ந்தே போகலாம். 'ஜோக்கர்' எனப்படும் தீங்கு விளைவிக்கும் செயலிக் கூட்டம் 2017 இல் இருந்து இவ்வாறே கட்டணச் சேவைகளில் ஆட்களை அவர்கள் அறியாமல் சேர்த்துவிட்டது. அவ்வகையைச் சேர்ந்த சுமார் 1,700 செயலிகளைத் தமது பிளே ஸ்டோரில் இருந்து நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுள் நிறுவனம் தெரிவித்தது.

பயனும் உண்டு

இவற்றைக் கேட்டதும் "இந்தப் போனே வேண்டாம்" என்று சில தாய்மார் சொல்வதுண்டு. அதுவும் சரியான முடிவன்று. எமது பகுதியில் கண்பார்வை மங்கிய ஒரு அம்மா இருக்கிறார். வரும் குறுஞ்செய்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டும் செயலி ஒன்றை அவருடைய பேரன் போட்டுக் கொடுத்திருக்கிறார். கிளினிக் திகதியை அறிவதற்கு இப்போது அவர் பக்கத்து வீட்டாரைத் தேடிப் போவதில்லை. "ஆரையும் கெஞ்சத் தேவையில்லை பிள்ளை" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை இல்லாமற் செய்ய எவருக்கும் மனம் வராது.

நாங்கள் அவருடன் இருந்து ஒரு விடயத்தைப் பார்த்தோம். அவருடைய வங்கிக் கணக்கு புத்தகக் கணக்கு. அட்டையோ இணைய வழி வசதியோ அதற்கு இல்லை. ஆதலால் அவருடைய தொலைபேசிக்கு ஓடிபி வருவதில்லை. அந்தச் செயலி வாசிக்கக்கூடியது கிளினிக் திகதியும் விளம்பரங்களும் மட்டுமே. அவருக்குப் பயன் பெரிது, ஆபத்து சிறிது. அதே செயலியை எமது சேமிப்புக் குழுச் சகோதரியின் தொலைபேசியில் போட்டால் நிலைமை தலைகீழாகும். ஆகவே 'இந்தச் செயலி நல்லதா கெட்டதா' என்று மட்டும் கேட்பது போதாது. யாருடைய தொலைபேசியில், அந்தத் தொலைபேசிக்கு என்னென்ன வருகின்றன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கேட்காமலே செய்ய முடியுமா?

முன்னைய அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் தரவிறக்கம் செய்யும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 2015 இல் வந்த ஆறாவது பதிப்பில் இருந்துதான் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாக மறுக்கும் வசதி கிடைத்தது. 2018 ஒக்டோபரில் கூகுள் நிறுவனம் இன்னொரு கட்டுப்பாட்டையும் அறிவித்தது. குறுஞ்செய்தியே தம் பிரதான வேலையாக உள்ள செயலிகளும் விதிவிலக்கான சில வகைகளும் தவிர, பிளே ஸ்டோரில் உள்ள ஏனைய செயலிகள் இவ்வனுமதியைக் கேட்கக்கூடாது என்பது அதன் சாரம். வரவு செலவுக் கணக்கு எழுதும் செயலிகள் அவ்விதிவிலக்கில் அடங்குகின்றன. நான் கொடுத்த செயலி அந்த வகையைச் சேர்ந்ததே.

"ஓடிபியைத் தானாக நிரப்ப வேண்டுமே, அதற்கு அனுமதி தேவைதானே?" என்று சிலர் கேட்கலாம். தேவையில்லை. தனக்கு வரும் அந்த ஒரு செய்தியை மட்டும் செயலி பெற்றுக்கொள்ளும் முறையை 2017 இல் கூகுள் அறிமுகப்படுத்தியது. சில ஓடிபி செய்திகளின் முடிவில் அர்த்தமில்லாத 11 எழுத்துகள் இருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். இச்செய்தி எந்தச் செயலிக்கு உரியது என்பதைத் தொலைபேசிக்குச் சொல்லும் அடையாளம் அது. ஐபோனில் சாதாரணச் செயலிகள் எமது குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து வாசிக்கவே முடியாது. 2018 இல் இருந்து விசைப்பலகையின் மேல் இலக்கம் தோன்றும், நாம் தொட்டால் நிரம்பும். ஆகவே ஓடிபியைக் காரணம் காட்டி முழுப் பெட்டியையும் கேட்கும் செயலியை நாம் சந்தேகத்துடன் நோக்குவதில் தவறில்லை.

ஆனால் இக்கட்டுப்பாடுகள் யாவும் பிளே ஸ்டோருக்கு உள்ளேதான். எமது சகோதரிக்கு வந்தது போல வட்ஸ்அப் இணைப்பின் மூலம் வரும் செயலி அந்த வாசலால் வருவதில்லை. சிங்கப்பூரில் இவ்விதமான மோசடிகள் அதிகரித்ததை அடுத்து, 2024 பெப்ரவரியில் அங்கு கூகுள் ஒரு பரீட்சார்த்த நடவடிக்கையை ஆரம்பித்தது. வெளியில் இருந்து தரவிறக்கம் செய்யப்படும் ஒரு செயலி நான்கு அனுமதிகளில் ஒன்றைக் கேட்டாலே, தொலைபேசி அதைத் தடுத்துவிடும். குறுஞ்செய்தியைப் பெறுதல், குறுஞ்செய்தியை வாசித்தல், திரையில் தோன்றும் அறிவித்தல்களை வாசித்தல், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியைப் பாவித்தல் ஆகியனவே அந்த நான்கும். இந்த நான்கு பெயர்களையும் நாம் மனப்பாடம் செய்து வைப்பது நல்லது. குறுஞ்செய்தி அனுமதியை மறுத்துவிட்டு அறிவித்தல்களை வாசிக்கும் அனுமதியைக் கொடுத்தால், முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

நான்கு கேள்விகள்

இப்போது எமது குழுவில் எந்தச் செயலியாக இருந்தாலும் பின்வரும் நான்கு கேள்விகளைக் கேட்ட பின்னரே தரவிறக்கம் செய்கிறோம்.

1. இது எங்கிருந்து வந்தது? வட்ஸ்அப் இணைப்பு, பேஸ்புக் விளம்பரம், தெரியாத இலக்கம் ஆகியவற்றின் வழியாக வந்தால் அத்துடன் நிறுத்திவிடுகிறோம். அரச உதவித்தொகை சம்பந்தமானது என்றால் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ நேரில் கேட்கிறோம்.

2. இதன் வேலைக்குக் குறுஞ்செய்தி தேவையா? பிள்ளைகளின் விளையாட்டு, டோர்ச் வெளிச்சம், கலண்டர், படத்தை அழகாக்கும் செயலி ஆகிய எதற்கும் அது தேவையில்லை.

3. மறுத்தால் என்ன நடக்கிறது? முதலில் எப்போதும் மறுத்துப் பார்க்கிறோம். பல செயலிகள் மறுத்த பிறகும் வேலை செய்கின்றன. இலக்கத்தைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அது சில விநாடி வேலை.

4. எமது தொலைபேசிக்கு என்னென்ன வருகின்றன? ஓடிபியும் வங்கிச் செய்தியும் வரும் தொலைபேசி என்றால் அதிக கவனம் தேவை.

கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும். தொலைபேசியின் அமைப்புகள் பகுதிக்குள் தனியுரிமை என்ற இடத்தில் அனுமதிகளின் பட்டியல் இருக்கும். அதில் குறுஞ்செய்தி என்பதைத் தொட்டால், எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி உள்ளது என்பது தெரியும். தேவையற்றதைத் தொட்டு 'அனுமதிக்க வேண்டாம்' என்று மாற்றிவிடலாம். எமது வீடுகளில் தொலைபேசி பெரும்பாலும் ஒருவருடையதன்று. அம்மாவின் தொலைபேசியில் மகன் விளையாடுவான், மகள் பாடம் படிப்பாள். ஆகவே நாம் கொடுக்காத அனுமதிகளும் அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

வீட்டுக்குள் இருக்கும் கண்

பெண்கள் என்ற வகையில் எமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மனைவியின் குறுஞ்செய்திகளையும் அழைப்புகளையும் தன் தொலைபேசிக்கு வரச் செய்யும் செயலியை, மனைவிக்குத் தெரியாமல் போட்டுவைக்கும் கணவர்மாரைப் பற்றி எமது பணியில் நாம் கேள்விப்படுகிறோம். வெளியில் இருந்து ஒரு கள்வன் பார்ப்பதைவிட இது பாரதூரமானது. ஏனெனில், உதவி கேட்டு அவள் அனுப்பும் செய்தியையும் அவனே முதலில் வாசிக்கிறான்.

வன்முறைக்கு உட்பட்டிருக்கும் சகோதரி ஒருவர் தம் தொலைபேசியில் அப்படியான செயலியைக் கண்டால், அவசரப்பட்டு உடனே அழிக்க வேண்டாம். அழித்தது மற்றவருக்குத் தெரிந்தால் வன்முறை அதிகரிக்கக்கூடும். நம்பிக்கையான வேறொருவரின் தொலைபேசியில் இருந்து 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குப் பேசுங்கள். அல்லது உங்கள் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரை நேரில் சந்தியுங்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெற முடியும்.

பணம் போய்விட்டால்

மோசடிச் செயலி ஒன்று தொலைபேசியில் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், முதலில் அதன் இணையத்தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியில் இருந்து வங்கிக்கு அழைத்து அட்டையையும் இணைய வழிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். செயலியின் பெயர், வந்த இணைப்பு, வங்கிச் செய்திகள் ஆகியவற்றை இன்னொரு தொலைபேசியால் படம் எடுத்து வையுங்கள். சாட்சி அழிந்துவிடக்கூடாது. அதன் பிறகே செயலியை அகற்றி, இரகசிய இலக்கங்களை மாற்ற வேண்டும். இலங்கையின் கணினி அவசர நிலைத் தயார்நிலை அணியான சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். பொலிஸ் முறைப்பாட்டையும் பதிவு செய்யுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே போட்டு வைத்தால், ஆறு இலக்கம் களவு போனாலும் உங்கள் கணக்கை மற்றவர் எடுப்பது கடினம்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்துக்கு ஒரு வரையறை தந்திருக்கிறது. சம்மதம் என்பது சுயவிருப்பில், குறிப்பிட்ட ஒன்றுக்காக, விடயம் அறிந்து, ஐயத்துக்கு இடமின்றித் தரப்பட வேண்டும். அன்று மரத்தடியில் நான் 12 தொலைபேசிகளில் அழுத்தியது இந்த வரையறையில் எதற்குள் அடங்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மீண்டும் மரத்தடியில்

அச்சம்பவத்துக்குப் பின்னர் ஒரு சனிக்கிழமை மீண்டும் எல்லோரும் கூடினோம். நான் செய்த பிழையை முதலில் சொன்னேன். பிறகு அச்செயலி என்ன செய்கிறது, என்ன செய்யக்கூடும் என்பதை விளக்கினோம். முடிவை அவரவரிடமே விட்டோம்.

ஒன்பது பேர் குறுஞ்செய்தி அனுமதியை நீக்கிவிட்டு, செயலியில் கையால் எழுதத் தீர்மானித்தனர். கடை நடத்தும் ஒருவர், வியாபாரப் பணம் வருவதற்கென்று தனிச் சிம் அட்டையும் பழைய தொலைபேசி ஒன்றும் வைத்திருக்கிறார். தினமும் பல கொடுக்கல் வாங்கல்கள் நடப்பதால், அந்தத் தொலைபேசியில் மட்டும் அனுமதியை வைத்துக்கொண்டார். மிகுதி இருவர் செயலியையே அகற்றிவிட்டனர். பணத்தை இழந்த சகோதரி அவ்விருவரில் ஒருவர். அவருடைய பணம் இதுவரை திரும்பக் கிடைக்கவில்லை.

கையால் எழுதுவது சிரமந்தான். முன்பைப் போல் எல்லாச் செலவும் கணக்கில் வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், யாருடைய தொலைபேசியில் எந்த அனுமதி இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று கேட்டால், இப்போது ஒவ்வொருவராலும் பதில் சொல்ல முடிகிறது. போன மாதம் வட்ஸ்அப்பில் இன்னொரு 'உதவித்தொகை' இணைப்பு வந்தது. அதை முதலில் கண்டவர் அந்தச் சகோதரிதான். அவரே வீடு வீடாகச் சென்று, "இதை ஒருத்தரும் அமத்தாதேங்கோ" என்று சொல்லி வந்திருக்கிறார்.

வாசகிகளே, இந்த இதழைக் கீழே வைத்ததும் உங்கள் தொலைபேசியை எடுத்து அந்த அனுமதிப் பட்டியலை ஒரு தடவை பாருங்கள். பின்னர் உங்கள் அம்மாவின் தொலைபேசியையும் பாருங்கள். ஆனால் அவருக்காக நீங்களே அழுத்திவிட வேண்டாம். பக்கத்தில் இருத்தி, விடயத்தைச் சொல்லி, அவருடைய விரலாலேயே அழுத்தச் செய்யுங்கள்.